அட்வான்ஸில் இருக்கும் ‘ட்’ யாருடையது? ‘அவான்ஸே’ என்ற பிரெஞ்சு வினைச்சொல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய சில வாரங்களில், ‘முன்னேறு’ என்று பொருள்படும் வினையை ஒரு பயிற்சியில் எழுத வேண்டியிருந்தது. ஆங்கிலச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு ஏ, டி, வி என்று தொடங்கினேன். நோட்டு திரும்பி வந்தபோது ஆசிரியை அந்த டி-யை மட்டும் சிவப்பு மையால் சுழித்திருந்தார். பக்கத்து ஓரத்தில், ‘இது எங்களுடையது அல்ல’ என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிதான் இந்த ஆய்வுக்குக் காரணம். இன்றைய பிரெஞ்சு எழுத்திலக்கணத்தை வைத்துப் பார்த்தால் ஆசிரியை சொன்னது சரி. வரலாற்றை வைத்துப் பார்த்தால் சரியல்ல. அந்த டி ஒரு காலத்தில் அவர்களுடையதாகவே இருந்தது. அவர்கள்தான் அதை அந்தச் சொல்லுக்குள் நுழைத்தார்கள், நெடுநாள் வைத்திருந்தார்கள், பிறகு எடுத்துவிட்டார்கள். அதற்குள் அது கடல் தாண்டி ஆங்கிலத்தில் குடியேறியிருந்தது.

முதலில் சொல். அவான்ஸே: ஏ, வி, ஏ, என், சி, இ, ஆர் என ஏழு எழுத்துகள். கடைசி ஆர் ஒலிப்பதில்லை. ரயில் முன்னே நகர்ந்தாலும், டிக்கெட் வாங்க நிற்கும் வரிசை நகர்ந்தாலும், பாதியில் நின்ற வேலை நகர்ந்தாலும் இந்த வினைதான். கைக்கடிகாரம் ஐந்து நிமிடம் வேகமாக ஓடினால் அதற்கும் இதுவே. ஒருவர் ஒரு கருத்தை முன்வைப்பதற்கும், சம்பள நாளுக்கு முன்பே பணம் கொடுப்பதற்கும் இதே சொல் போதும். 12ஆம் நூற்றாண்டிலேயே இது பிரெஞ்சில் எழுதப்பட்டுவிட்டது. அப்போதைய வடிவம் ‘அவான்ஸியேர்’ என்பதுபோல இருந்தது.

ஆப், ஆன்தே

பின்னோக்கிப் போனால் நாம் சென்று சேரும் இடம் லத்தீன். பேச்சு லத்தீனில் ‘அபன்தியாரே’ என்று ஒரு வினை இருந்திருக்க வேண்டும் என்று சொற்பிறப்பு ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அகராதிகளில் இதற்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். எழுத்தில் நேரடியாகக் கிடைக்காத, மகள் மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம் என்பதற்கான அடையாளம் அது. ஆனால் இந்த வினைக்கு அடிப்படையான சொல் கற்பனை அல்ல. பிற்கால லத்தீனில் ‘அபான்தே’ எழுத்திலேயே கிடைக்கிறது. ‘ஆப்’ என்றால் ‘இலிருந்து’. ‘ஆன்தே’ என்றால் ‘முன்’. இரண்டும் சேர்ந்து ஒரே சொல்லாகிவிட்டன.

இங்கே நியாயமான கேள்வி ஒன்று எழும். ‘முன்னாலிருந்து’ என்ற சொல் எப்படி ‘முன்னால்’ என்ற பொருளைத் தந்தது? ரோமானியர்கள் இடத்தைச் சுட்டிய முறையில் விடை இருக்கிறது. பகைவர் முதுகுப்புறம் நின்றால் அவர்கள் ‘ஆ தெர்கோ’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘முதுகிலிருந்து’. எதிரே நின்றால் ‘ஆ ஃப்ரோன்தே’, அதாவது ‘நெற்றியிலிருந்து’. அவர்கள் ஒரு திசையை அங்கிருந்து இங்கே வரும் கோடாகப் பார்த்தார்கள். நாம் ‘வலப்பக்கத்தில்’ என்று ஏழாம் வேற்றுமையில் சொல்வதை அவர்கள் ‘வலப்பக்கத்திலிருந்து’ என்று சொன்னார்கள். அந்தப் பழக்கத்தில் ‘அபான்தே’ இயல்பான சொல்தான்.

இரண்டு முன்னிடைச்சொற்களை இப்படி அடுக்குவதைப் பிற்கால லத்தீன் இலக்கண ஆசிரியர்கள் விரும்பவில்லை. மக்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் அடுக்கியவைதான் இன்றைய பிரெஞ்சு. ‘தே’யும் ‘இன்துஸ்’ என்பதும் சேர்ந்து, உள்ளே என்ற பொருளில் ‘தான்’ ஆயிற்று. ‘தே’, ‘ஆப்’, ‘ஆன்தே’ மூன்றும் சேர்ந்து, எதிரே என்ற பொருளில் ‘தெவான்’ ஆயிற்று. ‘அபான்தே’ மட்டும் தனியாக நின்று ‘அவான்’ ஆயிற்று. முன் என்று பொருள். அந்த ‘அவான்’ என்பதன் வினை உறவுதான் ‘அவான்ஸே’.

‘ஆன்தே’ இன்னும் ஆழமான வேர் உடையது. கிரேக்க ‘அன்தி’, எதிரில், அருகில் என்ற பொருள்களில் வரும் சமஸ்கிருத ‘அந்தி’ இரண்டும் அதன் உடன்பிறப்புகள். (நம் மாலைப்பொழுதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இன்றைய துருக்கி நிலத்தில் கிடைத்த, மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மூத்த ஹிட்டைட் களிமண் பலகைகளில் ‘ஹந்த்’ என்ற வடிவம் இருக்கிறது. அதற்கு நெற்றி என்று பொருள். முகத்தில் முதலில் தெரியும் இடம் நெற்றி. அதிலிருந்து ‘முன்’ என்ற கருத்துப் பிறந்திருக்கிறது. ஒரு வினைச்சொல்லைத் தோண்டிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு மனித நெற்றியைத் தொடுவது எனக்கு இன்னும் சிலிர்ப்பைத் தருகிறது.

முன் என்றால் நேற்றா, நாளையா?

இந்தக் குடும்பத்தில் தமிழ் வாசகருக்குப் பிறரைவிடக் கூடுதலாகப் புரியும் ஒரு பகுதி உண்டு.

நம் ‘முன்’ இரண்டு பக்கமும் பார்க்கும் சொல். ‘முன்னே போ’ என்றால் இனி எடுத்துவைக்க வேண்டிய அடி. ‘முன்னொரு காலத்தில்’ என்றால் கடந்துபோன காலம். முன்னேற்றம் வருங்காலத்தில் இருக்கிறது, முன்னோர் இறந்தகாலத்தில் இருக்கிறார்கள். லத்தீன் ‘ஆன்தே’ விட்டுச்சென்ற பிள்ளைகளும் அப்படியே. ‘ஆன்தே’யிலிருந்து வந்த ‘ஆன்ஸியேன்’ என்ற சொல்லைப் பெயருக்கு முன்னால் வைத்து ‘ஆன்ஸியேன் மினிஸ்த்ர்’ என்றால், சொல்லுக்குச் சொல் ‘முன்னாள் அமைச்சர்’. வீட்டின் மூத்த பிள்ளையை ‘ஏனே’ என்பார்கள். பிரித்தால் ‘முன் பிறந்தவன்’; நம் ‘முன்னவன்’. நேற்றைக்கு முந்தைய நாள் ‘அவான்தியேர்’, நமக்கு முந்தாநாள். இரு மொழிகளுக்கும் எந்த இரத்த உறவும் இல்லை. ஆனாலும் உடம்பை வைத்தே காலத்தையும் இடத்தையும் அளக்கும் மனிதப் பழக்கம் இரண்டையும் ஒரே தடத்தில் நடத்தியிருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொல் ‘தொரேனாவான்’. ‘இனிமேல்’ என்று பொருள். பழைய பிரெஞ்சில் இது நான்கு துண்டுகள்: ‘தெ’, ‘ஓர்’, ‘ஆன்’, ‘அவான்’. ‘இந்த நேரத்திலிருந்து முன்னோக்கி’. நான்கு சொற்கள் ஒட்டி ஒரே மூச்சாகிவிட்டன. இன்று அதைப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அதற்குள் ஒரு ‘முன்’ இருப்பதை உணர்வதில்லை.

ஒலி மாறிய வழி

‘அபன்தியாரே’ எப்படி ‘அவான்ஸே’ ஆனது என்பதற்கு ஊகம் தேவையில்லை. லத்தீனில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்த ‘ப’ (கம்பம் என்பதில் கேட்கும் ப) பிரெஞ்சில் ‘வ’ ஆகும். குதிரையைக் குறித்த ‘கபல்லுஸ்’ அங்கே ‘ஷெவால்’. ‘ஹபேரே’ அங்கே ‘அவுவார்’. அடுத்து, ‘தி’க்குப் பின் உயிர் வந்தால் அது முதலில் ‘ட்ஸ்’ ஆகி, 13ஆம் நூற்றாண்டையொட்டி வெறும் ‘ஸ்’ ஆகத் தேய்ந்தது. வேட்டையாடு என்ற ‘ஷாஸே’, தொடங்கு என்ற ‘கொமான்ஸே’ இரண்டும் இதே வழியில் வந்தவை. இத்தாலியனில் ‘அவன்ட்ஸாரே’ என்ற உடன்பிறப்பில் அந்தப் பழைய ‘ட்ஸ்’ இன்றும் கேட்கிறது.

பழைய வடிவத்தின் இறுதியில் ‘யேர்’ இருந்ததே, அதற்கும் காரணம் உண்டு. அண்ண ஒலிகளுக்குப் பின் வந்த ‘ஆ’ ‘யே’ ஆகத் திரிந்தது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் கார்ல் பார்ச் பெயரால் வழங்கும் விதி இது. பின்னாளில் மற்ற வினைகளின் அச்சில் வார்க்கப்பட்டு அந்த ‘ய’ மறைந்தது.

இந்தக் கணக்கில் எந்தப் படியிலும் டி-க்கு இடமே இல்லை.

சந்தேகம் எழுந்த இடம்

ஆனாலும் 15, 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கையெழுத்துகளிலும் அச்சு நூல்களிலும் இந்தச் சொல் டி-யோடு வருகிறது. அனுகூலம் என்ற பொருளுள்ள ‘அவான்தாஜ்’ என்பதும் டி-யோடு வருகிறது. ஏன்?

எழுத்தர்கள் முட்டாள்கள் அல்ல. லத்தீன் நன்கு அறிந்தவர்கள். அவர்கள் தடுமாறியதற்கு ஒலி வரலாறே காரணம். பிரெஞ்சில் சொல்லின் தொடக்கத்தில் ‘அவ்’ என்று வந்தால் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ‘ஆப்’ என்பதிலிருந்து வருவது. மற்றொன்று ‘அத்’ என்ற முன்னொட்டிலிருந்து வருவது. ‘நோக்கி’ என்று பொருள். லத்தீன் ‘அத்வெனீரே’ பழைய பிரெஞ்சில் ‘அவெனீர்’ ஆயிற்று. ‘அத்வொகாதுஸ்’ என்ற வழக்கறிஞர் ‘அவுவே’ ஆனார். இரண்டு வழிகளும் ஒரே வாசலில் வந்து முடிகின்றன. வாசலில் நிற்பவருக்கு, வந்தவர் எந்த வழியில் வந்தார் என்று தெரியாது. லத்தீன்மீது பெருமதிப்புப் பொங்கிய மறுமலர்ச்சிக் காலத்தில் ‘அத்’ தான் அதிகம் கண்ணில் பட்ட முன்னொட்டு. முன்னேறுவது என்றால் ஏதோ ஒன்றை நோக்கிப் போவதுதானே என்று பொருளும் அந்தப் பக்கமே சாய்ந்தது.

தமிழில் இதற்கு நிகரான ஒன்று நம் கண்முன் நடந்துகொண்டிருக்கிறது. பேச்சில் ‘பாத்து’, ‘சேத்து’ என்கிறோம். எழுதும்போது ர் சேர்த்து ‘பார்த்து’, ‘சேர்த்து’ என்று திருத்துகிறோம். அந்தப் பழக்கத்தில் ‘பூவைக் கோத்தாள்’ என்பதையும் பேச்சு வழக்கு என்று எண்ணி ‘கோர்த்தாள்’ என்று எழுதுகிறோம். வினை ‘கோ’, அதில் ர் எப்போதும் இருந்ததில்லை. திருத்த வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த பிழை அது. பிரெஞ்சு எழுத்தர் செய்ததும் அதுவே.

ஆனால் பழி முழுவதையும் இந்தத் தவறான ஊகத்தின்மீது போடுவது எனக்கு ஒப்பவில்லை. இன்னொரு காரணம் உண்டு, அது எழுத்தின் வடிவம் சார்ந்தது. அந்தக் காலத்தில் யூ, வி இரண்டும் தனி எழுத்துகள் அல்ல. ‘அவான்ஸே’யை எழுதினால் ஏ-யை அடுத்து யூ நிற்கும். பிரெஞ்சில் ஏ-யும் யூ-வும் அடுத்தடுத்து வந்தால் ‘ஓ’ என்று படிப்பது வழக்கம். படிப்பவர் தடுக்கி விழலாம். நடுவில் ஒரு டி-யை வைத்தால், அடுத்து வருவது உயிர் அல்ல, ‘வ’ என்ற மெய் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். இப்படி வழிகாட்டிப் பலகையாக வைத்த எழுத்துகள் பிரெஞ்சில் வேறும் உண்டு. எண்ணெயைக் குறிக்கும் ‘உயில்’, எட்டு என்ற ‘உயித்’ ஆகியவற்றின் தொடக்கத்தில் ஒலிக்காத எச் இருக்கிறது. லத்தீனில் அந்த எச் கிடையாது. முதல் எழுத்தை ‘வ’ என்று படித்துவிடாமல் இருக்க அதை வைத்தார்கள். ஆகவே நம் டி-யும் பாதி தவறான வம்சாவளி, பாதி வாசிப்பு உதவி. ஒலியில் அது ஒருபோதும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் டி எழுதிவிட்டு ‘அவான்ஸே’ என்றே உச்சரித்தார்கள்.

இத்தாலியச் சாட்சி

அந்த ஊகம் தவறு என்று உறுதியாகச் சொல்ல முடிவது எப்படி? பிரெஞ்சுக்குள்ளேயே தேடினால் வழக்கு தீராது. இரு வழிகளும் அங்கே கலந்துவிட்டன. கலக்காத மொழி ஒன்று வேண்டும்.

இத்தாலியன் அந்தச் சாட்சி. அங்கே ‘அத்’ முன்னொட்டின் த், அடுத்து வரும் ‘வ’வோடு கரைந்து அதை இரட்டிக்கும். அதனால் ‘அவ்வெனீரே’, ‘அவ்வொக்காத்தோ’, ‘அவ்வென்தூரா’ என்று இரட்டை வகரம். ‘ஆப்’ வழியில் வந்தால் ஒற்றை வகரம்தான். முன்னே போ என்பதற்கு இத்தாலியர்கள் சொல்வது ‘அவான்தி’. முன்னேறு என்பதற்கு ‘அவன்ட்ஸாரே’. இரண்டிலும் ஒற்றை வகரம். ‘அத்’ அந்தப் பக்கமே வரவில்லை. ஸ்பானிய, போர்ச்சுகீசிய வடிவங்களிலும் டி இல்லை.

எனக்கு இதைவிட வலுவாகப் படும் சான்று இன்னும் எளியது. ‘அத்’ என்பதைப் பிரித்து எடுத்தால் மீதி என்ன? ‘வான்தே’ போன்ற ஒன்று. முன் என்ற பொருளில் அப்படி ஒரு சொல் லத்தீனில் இல்லை. தலையைத் தனியே வெட்டியபின் உடலாக நிற்க எதுவும் மிஞ்சவில்லை என்றால், வெட்டிய இடம் தவறு.

எடுத்தவர்களும் வைத்துக்கொண்டவர்களும்

ஒலிக்காத எழுத்துகளுக்கு எதிராக அப்போதே குரல் எழுந்தது. லியோனில் பிறந்த லூயி மெக்ரே 1542இல் பாரிசில் வெளியிட்ட நூலில், எழுத்து பேச்சைப் பின்பற்ற வேண்டும், மிகை எழுத்துகளை நீக்க வேண்டும் என்று வாதாடினார். அச்சகங்கள் உடனே இணங்கிவிடவில்லை. ஆனால் காலம் அவர் பக்கம் மெல்லத் திரும்பியது. பிரெஞ்சு அகாதெமியின் அகராதி 1740இல் மூன்றாம் பதிப்பாக வந்தபோது, ஒலிக்காத எழுத்துகளை ஏராளமாகக் களைந்தார்கள். தலையைக் குறிக்கும் ‘தேத்’ என்ற சொல்லில் இருந்த ஒலிக்காத எஸ் போய், உயிரின் தலையில் கூரை போன்ற குறி வந்தது அப்போதுதான். 1762இல் வந்த நான்காம் பதிப்பில் யூ, வி இரண்டும் தனி எழுத்துகளாக நின்றன. வழிகாட்டிப் பலகைக்கு இனி வேலை இல்லை. ‘அவான்ஸே’, ‘அவான்தாஜ்’, கருத்து என்ற ‘அவி’, வழக்கறிஞர் என்ற ‘அவொக்கா’ எல்லாம் இன்று டி இல்லாமல் நிற்கின்றன. பின்னிரண்டுக்கும் டி-மீது உண்மையான பிறப்புரிமை உண்டு, அவையும் இழந்தன.

எல்லாப் பிழைகளும் இப்படிக் களையப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எடை என்ற பொருளுள்ள ‘புவா’ லத்தீன் ‘பென்சும்’ என்பதிலிருந்து வந்தது. அது ‘போன்துஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று தவறாக நினைத்து அதற்குள்ளும் ஒரு டி-யைச் செருகினார்கள். அது இன்றும் அங்கேயே இருக்கிறது, ஒலிக்காமல். ஒவ்வொரு பிரெஞ்சுக் குழந்தையும் அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்கிறது.

ஆங்கிலத்தின் கதை வேறு. இந்தச் சொல் இடைக்காலத்திலேயே பிரெஞ்சிலிருந்து அங்கே போய்விட்டது, டி இல்லாமலே போனது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் வரிகளில் அது ‘அவான்ஸ்’ என்பதுபோல, டி அற்ற வடிவில்தான் வருகிறது. 16ஆம் நூற்றாண்டில் அங்கும் டி நிலைபெற்றது. பிரெஞ்சுக்காரர்கள் எழுதிவிட்டு உச்சரிக்காமல் விட்டதை ஆங்கிலேயர்கள் எழுதியபடியே உச்சரிக்கத் தொடங்கினார்கள். அந்த நொடியில் வழக்கு கைவிட்டுப் போயிற்று. எழுத்தில் மட்டும் இருக்கும் பிழையை ஓர் அகராதிப் பதிப்பு நீக்கிவிடலாம். நாக்கில் ஏறிய பிழையை நீக்க எந்த அகாதெமிக்கும் அதிகாரம் இல்லை.

இந்த டி தனியாக வரவில்லை. கடற்படைத் தலைவரைக் குறிக்கும் ‘அட்மிரல்’ அரபுச் சொல் ‘அமீர்’ என்பதன் வழி வந்தது. பிரெஞ்சில் இன்றும் ‘அமிரால்’ என்பார்கள். அரபிலும் டி இல்லை, இன்றைய பிரெஞ்சிலும் இல்லை, ஆங்கிலத்தில் தங்கிவிட்டது. ‘அட்வாண்டேஜ்’ அப்படியே. டென்னிஸ் ஆட்டத்தில் நடுவர் அதை உரக்கச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பழைய எழுத்தர்களின் இறகுப்பேனா நினைவுக்கு வருகிறது.

நம் நாவில்

ஆங்கிலத்தின் வழியாக இந்தச் சொல் தமிழுக்கு வந்து ‘அட்வான்ஸ்’ ஆயிற்று. பிரெஞ்சில் டி என்ற எழுத்துக்கு நாக்கு பல்லைத் தொடும். நம் காதுக்கு அது ‘த’. ஆங்கிலேயர் அதைப் பல்லுக்குச் சற்று மேலே ஒலிக்கிறார்கள்; நாம் அதை ‘ட’ என்று கேட்கிறோம், ‘ட்’ என்று எழுதுகிறோம். ஆக நம் சொல்லில் நடுவே நிற்கும் அந்தப் புள்ளி வைத்த ட், லத்தீனில் பிறக்காதது, பிரெஞ்சில் ஒருபோதும் ஒலிக்காதது, ஆங்கிலேயர் படித்தபடி உச்சரித்ததால் உயிர்பெற்றது.

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறவர் வீட்டுக்காரரிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, ‘அட்வான்ஸ் எவ்வளவு?’ அதையே ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதும்போது ‘முன்பணம்’ என்கிறோம். ‘முன்பணம்’ என்பதில் ‘ஆன்தே’யின் பொருள் முழுதாக இருக்கிறது, வழிதவறிய எழுத்து எதுவும் இல்லை. பாரிசில் மாதக் கடைசியில் கையில் காசு தீர்ந்த ஒரு தொழிலாளி முதலாளியிடம் போய் ‘அவான்ஸ்’ கேட்கிறார். அதே நாளில் சென்னையில் இன்னொருவர் ‘அட்வான்ஸ்’ கேட்கிறார்.

என் பழைய நோட்டு இன்னும் இருக்கிறது. சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில், ஆசிரியையின் வரிக்குக் கீழே, பென்சிலால் ‘1740 வரை’ என்று எழுதிவைத்திருக்கிறேன். பிறகு அது அதற்கும் முன்பே பல நூல்களில் உதிர்ந்திருக்கும் என்று தோன்ற, ஆண்டை அழித்துவிட்டு ‘ஒரு காலத்தில் உங்களுடையது’ என்று மாற்றினேன்.